வெள்ளிக்கிழமையின் பத்து நிமிடம்

“அரை மணி” என்றான். தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“நல்லா யோசிச்சிச் சொல்லுண்ணா. அப்புறம் மாத்தக் கூடாது.”

“என்னாத்த மாத்தப் போறன். அரை மணி. இருந்தா நாப்பது நிமிசம். அதுக்கு மேல நேரம் ஏது எனக்கு?”

மலர்கொடி தாளில் நாற்பது என்று எழுதினாள். அவள் விருத்தாசலத்தில் சமூகப்பணி படிக்கிறாள். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த நாற்பது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வர வேண்டும் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். நேற்று எவ்வளவு நேரம் போன் பார்த்தாய். சொன்னதை எழுதிக்கொண்டு, பிறகு போனைத் திறந்து அது வைத்திருக்கும் கணக்கைப் பார்த்துப் பக்கத்தில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். முதல் எண்ணுக்கு அண்ணன் அருண்ராஜையே பிடித்துக்கொண்டாள். இருபத்துநாலு வயது. பாலிடெக்னிக் முடித்தவன். நிலக்கரி மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸ் ஒன்றில் மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு ஓய்வு.

“அவன் எங்கடி போனு பாக்குறான்” என்றாள் அம்மா கலியம்மாள், குழம்புச் சட்டியோடு வந்து. “வந்தா தூங்குறான், எழுந்தா சாப்புடுறான். நீதான் நாள் பூரா நோண்டிகினு கெடக்குற. உன்ன யாரு கேக்குறது?”

“என்னையும் கேப்பாங்கம்மா. நான் நாப்பதாவது.”

அருண்ராஜ் இடது கையால் போனைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான். அவள் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினாள். நான்கு மணி ஐம்பத்தொரு நிமிடம் என்று இருந்தது. திருப்பிக் காட்டினாள்.

“இது தப்பு” என்றான்.

“போனு பொய் சொல்லுதா?”

“பொய் சொல்லல. அதுக்கு ஷிப்ட் தெரியல. இந்த வாரம் நான் நைட்டு. எனக்கு நேத்துன்றது சனிக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்ததுலேர்ந்து. அதுக்கு நேத்துன்றது ராத்திரி பன்னெண்டுலேர்ந்து. அப்ப வெள்ளிக்கிழமை டூட்டியில பாதியும் சனிக்கிழமையில சேந்துடுதுல்ல? ரெண்டு நாள ஒண்ணா கூட்டிகினு என்னைக் கேட்டா?”

மலர்கொடி பேனாவைக் கடித்தாள். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்கள் ஊரான வடக்குத்தில் பாதி வீடுகளில் நாள் என்பது பன்னிரண்டு மணிக்கு மாறுவதில்லை. வேலைக்குப் போனவர் வந்து படுத்து எழுந்தால்தான் மாறும். கல்லூரியில் யாரும் இதை யோசித்திருக்கவில்லை.

“சரி. ஃபர்ஸ்ட் ஷிப்ட் போன நாளா ஒண்ணு சொல்லு. காலையில ஆறுலேர்ந்து ரெண்டு. அது ஒரே நாளுக்குள்ளதான வருது. ஆனா இந்தப் போன்ல மணிவாரிக் கணக்கு பத்து நாளைக்குத்தான் இருக்கும். அதுக்குள்ள சொல்லு.”

“போன வாரம் வெள்ளிக்கிழமை” என்றான் உடனே. “அந்த நாளக் கேளு, நிமிசக் கணக்காச் சொல்றன். டூட்டியில பத்து நிமிசம். போட்டுக்கோ.”

அந்த வெள்ளிக்கிழமை நன்றாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம் இருந்தது. அன்றுதான் பம்ப் ஹவுஸில் மூன்றாவது மோட்டார் எரிந்துபோனது. மொத்தம் நான்கு மோட்டார்கள். மணிக்கு ஒருமுறை நான்கையும் சுற்றிவந்து, ஒவ்வொன்றும் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று மீட்டரில் பார்த்து ஷீட்டில் எழுத வேண்டும். அருண்ராஜின் ஷீட்டில் பகல் ஒரு மணிக்கு மூன்றாவது மோட்டார் அறுபத்திரண்டு ஆம்ப்ஸில் ஓடியிருந்தது. இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் சுதாகர். பதினைந்து வருடமாகக் கான்ட்ராக்டில் இருப்பவர். தான் உள்ளே போனபோது மூன்றாவது மோட்டார் நின்றிருந்தது என்று அவர் சொன்னார். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது, அதனால்தான் சுவிட்சைப் போட்டேன், எரிந்துவிட்டது என்றார். ஓடி நின்ற மோட்டாரைச் சூடு ஆறும்வரை திரும்பப் போடக் கூடாது. அது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு மணிக்கு ஓடிய மோட்டார் இரண்டே காலுக்கு ஜில்லென்று இருக்க வழியில்லை. சூட்டோடு போட்டு எரித்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்று முடிவாயிற்று. சுதாகரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அருண்ராஜிடமும் எழுதி வாங்கினார்கள். ‘மணிக்கு மணி ரீடிங் எடுத்தேன். இடையில் பத்து நிமிடம் போன் பார்த்திருப்பேன்’ என்று எழுதிக் கொடுத்தான். போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உண்மை முழுதாக இருக்கட்டும் என்று அவனாகச் சேர்த்த வரி அது. சூப்பர்வைசர் சிங்காரவேல் அந்த வரியை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினார். “பாத்தியாடா, போன் பாத்ததக்கூட மறைக்காம எழுதியிருக்கான். படிச்ச பையன். ஷீட்டப் பாரு, அச்சடிச்சா மாதிரி இருக்குது.”

கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு அருண்ராஜ் போனை வாங்கினான். தானே ஒவ்வொரு நாளாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை வந்தது. மணிக்கு ஒரு நீலக் கம்பம். ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை கம்பமே இல்லை. தங்கையைப் பார்த்துச் சிரித்தான். விரலால் நகர்த்தினான்.

பத்து மணிக்கு ஒரு கம்பம், நாற்பத்தெட்டு நிமிடம். பதினொன்றுக்கு ஐம்பத்தைந்து. பன்னிரண்டுக்கு நாற்பத்தொன்று. ஒரு மணிக்குப் பதினான்கு.

மலர்கொடி அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வாய்விட்டுக் கூட்டினாள். “நூத்தி அம்பத்தெட்டு. ரெண்டு மணி முப்பத்தெட்டு நிமிசம். யப்பா. பத்து நிமிசமாம்ல.”

“இரு” என்றான்.

“என்னா இரு? இதுலயும் ஷிப்ட் தப்பாயிடுச்சா?”

அன்று பத்து மணிக்கு மேல் என்ன செய்தோம் என்று யோசித்தான். ரீடிங் எடுத்தது ஞாபகம் இருந்தது. மீட்டர் முள் ஞாபகம் இருந்தது. அது அன்றைய முள்தானா என்று தெரியவில்லை. மூன்று வருடமாக அதே முள். அதே அறுபத்திரண்டு. காலையில் நான்கு ரீடிங்கைச் சுற்றிவந்து எடுப்பான். அதற்குப் பிறகு முள் அசைவதில்லை என்பதால் மிச்சத்தை ஒன்றே முக்காலுக்கு மொத்தமாக எழுதுவான். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். சில நாள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு எழுதுவான். சில நாள் நாற்காலியிலிருந்தே. நான்கு மோட்டார் இரைச்சலில் ஒன்று நின்றால் காதுக்குத் தெரியாது. அன்று மூன்றாவது பழுதாகிப் பத்து மணிக்கே நின்று ஆறியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஷீட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். கேட்டருகில் எதிரே வரும் சுதாகர் தலையாட்டுவார். இவனும் ஆட்டுவான். ஷிப்ட் கைமாறியது என்றால் அவ்வளவுதான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அழுக்கான ஒரு கம்பளத்தைத் துவைக்கும் வீடியோ. கறுப்புத் தண்ணீர் வழிந்து, பழுப்பாகி, கடைசியில் தெளிந்து, கம்பளத்தின் சிவப்புப் பூ தெரியும். அதுபோல ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ பார்த்தான். அதை வீட்டில் படுத்துக்கொண்டு பார்த்ததாக நினைத்திருந்தான். இப்போது யோசித்தால் காதில் மோட்டார் இரைச்சல் கேட்டது.

“வெள்ளிக்கிழமைய எழுதாத” என்றான்.

“ஏன்? பேரு இல்லண்ணா. ஒண்ணுன்னுதான் இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?”

“வேற நாள் எழுது.”

“எழுதிட்டன். நீதான சொன்ன மாத்த மாட்டன்னு.”

அம்மா தட்டை எடுக்கக் குனிந்தாள். “வெள்ளிக்கிழமைன்னதும் ஞாபகம் வருது. நேத்து மார்க்கெட்டுல பிரபாவதியப் பாத்தன், சுதாகரு பொண்டாட்டி. மனுசன் சோறே எடுக்கறதில்லியாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்டா. உன்கூட வேலை செஞ்சவருதான.”

சட்டையை மாட்டிக்கொண்டான்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடிவீட்டின் பின்பக்கம் சுதாகர் வாடகைக்கு இருந்தார். வண்டியில் போகும்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்தான். அண்ணா, ஒரு மணி ரீடிங் நான் பார்த்து எழுதியது இல்லை. ஒரே வாக்கியம்தான். வண்டியை நிறுத்தும்வரை சரியாக இருந்தது.

“வா தம்பி” என்றாள் பிரபாவதி. “நீயாவது வந்தியே. வேற ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.”

சுதாகர் தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாள் தாடி. “என்னடா, நைட்டு முடிஞ்சிதா? மூஞ்சி இட்லி மாதிரி வீங்கிகினு இருக்குது.”

“முடிஞ்சிதுண்ணா. நாளைக்கு செகண்ட்.”

“உக்காரு. பிரபா, டீ போடு. பம்ப் ஹவுஸ் எப்பிடி இருக்குது? மூணாவது?”

“தூக்கிகினு போயிட்டாங்க. இடம் காலியாத்தான் இருக்குது.”

சுதாகர் ஃபேன் இறக்கையைத் துணியால் அழுத்தித் துடைத்தார். “நான் ஒண்ணு உன்னைக் கேக்கணும்னு இருந்தன். தப்பா எடுத்துக்காத. ஒரு மணிக்கு நீ பாத்தப்ப அது ஓடிகினுதான இருந்துச்சி?”

அருண்ராஜ் வாயைத் திறந்தான். பிரபாவதி டீ டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

“அட, நீ பாக்காமயா எழுதுவ” என்றார் சுதாகரே. “உன் ஷீட்ட எனக்குத் தெரியாதா. என்னுது எண்ணெயும் அழுக்குமா, நாலு பேனாவுல கிறுக்கி இருக்கும். உன்னுது பரீட்சை பேப்பரு. நான் கேட்டது எதுக்குன்னா, எனக்கே இப்ப சந்தேகமாயிடுச்சி. மொதல்ல ஜில்லுனு இருந்துச்சின்னு சத்தியமாச் சொன்னன். இப்ப யோசிக்க யோசிக்க, கை சுட்டா மாதிரியே இருக்குது.”

“இல்லண்ணா.”

“என்னா இல்ல? நீயா தொட்ட? நான் தொட்டன். ஒரு மணிக்கு அறுவத்திரெண்டு ஆம்ப்ஸுன்னா, ரெண்டேகாலுக்கு எப்பிடிடா ஜில்லுனு இருக்கும்? கணக்கு ஒதைக்குதுல்ல. நான்தான் அவசரத்துல சூடு தெரியாம போட்டுட்டிருப்பன்.”

“ஒம்போது நாளா இதே பேச்சுதான் தம்பி” என்றாள் பிரபாவதி. “மொத நாளு வந்து, ஐஸு மாதிரி இருந்துச்சிடி, நம்ப மாட்டறாங்கடின்னு அழுதாரு. இப்ப தூக்கத்துல எழுந்து கையப் பாத்துகினு உக்காந்திருக்காரு. சுட்டுதாம்.”

“சும்மா இருடி.” சுதாகர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். “சிங்காரவேல் சாரு நேத்து கூப்ட்டனுப்பி இருந்தாரு. தப்ப ஒத்துகினு எழுதிக் குடு, வேற சைட்ல போடச் சொல்லிப் பாக்கறன்னாரு. நாளைக்குக் காலையில குடுக்கணும். நீ வந்ததும் நல்லதாப் போச்சி. என் எழுத்த அவரு கோழி கிளறுனா மாதிரின்னுவாரு. நீ எழுதிக் குடு.”

பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்தார். பேனாவை வேட்டியில் கீறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அருண்ராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். தயார் செய்த வாக்கியம் அப்படியே இருந்தது. சொல்லத் தொடங்கினால் முதலில் பம்ப் ஹவுஸ் வரும், பிறகு போன் வரும், பிறகு கம்பளம் வரும். ஒரு மனிதர் ஒன்பது நாள் தூங்காததற்குக் காரணம் யாரோ எங்கோ கம்பளம் துவைத்தது. அதை இந்த வீட்டில், பிரபாவதி நிற்கும்போது, வாயால் சொல்ல வேண்டும்.

“எழுதிக்க” என்றார் சுதாகர். “ஐயா அவர்களுக்கு. அதுக்கப்புறம் நீயே அழகாப் போட்டுக்க. மோட்டார் சூடாக இருந்ததைக் கவனிக்காமல் நான் சுவிட்சைப் போட்டுவிட்டேன். இனிமேல் இப்படி நடக்காது. மன்னிக்கணும்னு போடு.”

எழுதினான். வழக்கம்போல எழுத்து வரிசையாக வந்தது. ‘சூடாக இருந்ததை’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“சூடாவே இருந்திருக்கும்ன்றீங்களா?”

“போடுடா. அவங்களுக்கு வேண்டியது அதுதான்.”

போட்டான். சுதாகர் வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது. கீழே கையெழுத்திட்டார். “எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு பிரபா” என்று அவளிடம் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

வாசல்வரை வந்து, “ரெண்டு நாள்ல பம்ப் ஹவுஸுக்கே திரும்பி வந்தாலும் வருவன். கேட்டுல பாப்போம்” என்றார்.

வண்டியை எடுத்தான். வடக்குத்துக்குப் போகும் வழியில் ஒரு பெட்டிக்கடை ஓரமாக நிறுத்தி போனைத் திறந்தான். நாளை பத்தாவது நாள். நாளை மறுநாள் அந்த நீலக் கம்பங்கள் தாமாகவே மறைந்துவிடும். மலர்கொடியின் தாளில் பெயர் இல்லை. சுதாகரிடம் இருப்பது அவர் கையெழுத்திட்ட கடிதம். ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும். பிறகு பத்து நிமிடம் என்று அவன் சொன்னதைத் தவிர எதுவும் இருக்காது. கொஞ்ச நாளில் அவனுக்கே ஒரு மணிக்கு எழுந்து போய் முள்ளைப் பார்த்ததாக ஞாபகம் வந்துவிடும். சுதாகருக்குக் கை சுட்டது வந்த மாதிரி.

இந்த யோசனை இவ்வளவு ஒழுங்காக, வரிசையாக வந்ததை நினைத்துக் கூசினான். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். கடையில் மூன்று பையன்கள் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மலர்கொடி, “எங்கண்ணா போன?” என்றாள்.

“சும்மாதான்.”

“அந்த வெள்ளிக்கிழமைதான மோட்டாரு எரிஞ்சது?”

“ஆமா.”

அவள் மேலே கேட்கவில்லை. தாளை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. பிறகு, அதுவும் நிச்சயமில்லை என்று தோன்றியது.

மறுநாள் திங்கள்கிழமை. ஒன்பதரை மணிக்கு அருண்ராஜ் மந்தாரக்குப்பத்திலிருந்த கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனான். சுதாகர் தாடி எடுத்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அருண்ராஜ் உள்ளே போய் போனைத் திறந்து சிங்காரவேலின் மேசைமேல் வைத்தான். பத்து மணிக்கு மேல் ரீடிங் எதையும் தான் பார்த்து எழுதவில்லை என்றான். சிங்காரவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பங்களைப் பார்த்தார்.

“இத உன்ன யாரு கேட்டது?”

“யாரும் கேக்கல சார்.”

“ஏற்கெனவே பத்து நிமிசம்னு எழுதிக் குடுத்திருக்கியே.”

“அப்ப பத்து நிமிசம்னுதான் சார் நெனச்சன்.”

அதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினான். நூற்று ஐம்பத்தெட்டு நிமிடம் என்று எழுத்தால் எழுதினான். சிங்காரவேல் சுதாகரின் கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்குதே.”

“ரெண்டும் நான் எழுதுனதுதான் சார்.”

சிங்காரவேல் இரண்டையும் சேர்த்துப் பின் குத்தினார். அருண்ராஜின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார். சுதாகரை உள்ளே கூப்பிட்டு, இரண்டு மணிக்குப் பம்ப் ஹவுஸுக்குப் போகச் சொன்னார். காரணத்தை இரண்டு வரியில் சொன்னார். சுதாகர் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும், “அப்ப ஜில்லுனுதான் இருந்துச்சா?” என்றார் சுதாகர்.

“இருந்திருக்கும்ணா.”

“நேத்து எழுதும்போதே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணா.”

சுதாகர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் வீடு அதற்கு எதிர்த்திசையில் இருந்தது.

அருண்ராஜ் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான். டூட்டிக்குப் போகவில்லையா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றான். இரண்டு மணிக்குச் சாப்பிட்டான். நான்கு மணிக்கு மலர்கொடி கல்லூரியிலிருந்து வந்தாள். ஏழு பேரிடம் கேட்டாளாம். ஆறு பேர் குறைத்துச் சொன்னார்கள், ஒருத்தி கூட்டிச் சொன்னாள். இன்னும் முப்பத்திரண்டு பேர் பாக்கி என்றாள்.